கூரை ஏறுவோம், பிறகு வைகுண்டம் பேசுவோம்

(புறக்கோட்டைப் பழைய சந்தை மண்டபம் பற்றிக் கொழும்பில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாநகர சபை உறுப்பினர்களே, வர்த்தக சங்கப் பெருமக்களே, பொன்னாடையோடு காத்திருக்கும் செயலாளர் அவர்களே, வாசலில் நின்றே கேட்கும், மூட்டை சுமக்கும் நாட்டாமி அண்ணன்மாரே, வணக்கம்.

பழைய சந்தை மண்டபத்தின் வரலாறு, கட்டடக்கலை, இனி அங்கே யாருக்குக் கடை என மூன்றையும் பேசச் சொன்னார்கள். வரலாறு சுருக்கம்தான். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வந்த மாநகர சபைக்கு, கேஸ் வேர்க்ஸ் சந்தியருகே 1873இல் நகர மண்டபம் எழுந்தது. வரைந்தவர் ஜே. ஜி. ஸ்மித்தர்; 1877இல் திறந்த தேசிய நூதனசாலையும் அவர் வேலையே. 1928இல் சபை விக்டோரியா பூங்கா, அதாவது இன்றைய விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் போனது. பக்கத்தில் இருந்த, நாம் பேசும் எடின்பரோ சந்தை மண்டபம் இரும்புத் தூண்களோடு இங்கேயே நின்றுவிட்டது.

அந்த நகர மண்டப மேல்மாடியில், அந்தக் காலத்துச் சபைக் கூட்டத்தைப் பொம்மைகளாக அமர்த்தியிருக்கிறார்கள் அல்லவா? அதை வைத்து ஒரு பகிடி. மழைக்கு ஒதுங்கிய நாட்டாமி ஒருவர் மேலே போனாராம். கோட்டுப் போட்ட துரைமார் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். துண்டை இடுப்பில் கட்டி, "ஐயாமாரே, கூரைத் தண்ணி ஓடுற பீலி அடைச்சு மூட்டையெல்லாம் நனையுது" என்றார். பதில் இல்லை. இன்னும் பணிவாகச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. கீழே வந்து கூட்டாளியிடம் சொன்னாராம்: "சந்தேகமே இல்லையடா, சபைதான் நடக்குது!" (சிரிப்பு.) முன்வரிசை மன்னிக்க வேண்டும்.

கட்டடக்கலைக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு பாரம் தாங்கும். இழுத்தால், இடித்தால் வெடிக்கும். அதனால்தான் தூணுக்கு வார்ப்பிரும்பு, கூரை இழுகம்பிக்கு அடித்து நீட்டக்கூடிய தேனிரும்பு என்று அக்காலத்தில் பிரித்தார்கள். அவ்வகைச் சந்தைகள் பலவற்றில் தூண் உள்ளே பொள்ளல். கூரைத் தண்ணீர் அதற்குள்ளால் இறங்கும். புறாக் கூடும் பொலித்தீனும் பீலியை அடைத்தால் தண்ணீர் தூணுக்குள் தேங்கி உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும்! துறைமுக உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தரையை உயர்த்தித் தூணடியைக் கொங்கிரீற்றில் புதைப்பதும் இதே கெடுதிதான்.

வெடித்த தூணைக் கண்டதும் வெல்டிங்காரரைக் கூப்பிடாதீர்கள். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 வீதம் காபன். முன்கூட்டிச் சூடாக்காமல் ஒட்டினால், ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். தகடு வைத்துப் போல்ட் பூட்டுவதே நல்லது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காயத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள்.

இப்போது அந்த மண்டபத்தைப் 'பாரம்பரிய வணிக வளாகம்' ஆக்குவோம் என்கிறார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா? ஏப்ரலில், தென்மேல் பருவமழைக்கு முன் ஒரு தடவை. செப்டெம்பரில் இன்னொரு தடவை. ஏணி வைத்துப் பீலியை வழித்து, ஒவ்வொரு இறங்குகுழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அடியில் வருகிறதா என்று பாருங்கள். கூரை ஏறுங்கள் ஐயா, வைகுண்டம் பிறகு!

யாருக்குக் கடை என்பதற்கு நேரமில்லை, தலைவர் மணியைத் தொடுகிறார். பீலித் துப்புரவுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்புக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையொப்பம் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.