பட்டனை அமுக்கியும் எழும்பாத புதுக் கணினி

நேயர்களுக்கு வணக்கம். போன ஆடியில் ஒருநாள், கடையைப் பூட்டிவிட்டு வந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பையன். கல்லூரியில் அனிமேஷன் படிக்கச் சேர்ந்திருந்தான். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் மாட்டும் பலகை), பிராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), கேபினெட் என்று ஒவ்வொன்றாக வாங்கி, வீடியோ பார்த்துத் தானே கணினியாகப் பூட்டியிருக்கிறான். "அண்ணே, பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆகலண்ணே. வாங்கின கடையில கேட்டா, போர்டு போயிருக்கும், வேற வாங்கணும்னு சொல்றாங்க" என்றான். குரல் உடைந்திருந்தது. பக்கத்தில் அவன் அம்மா "என்னடா சொல்றாரு?" என்று கேட்பதும் காதில் விழுந்தது.

20 வருடத்துக்கு மேலாக மதுரையில் இந்த வேலை பார்க்கிறேன். புதிதாகப் பூட்டியது எழும்பவில்லை என்று என்னிடம் வந்த கணினிகளில், பாகமே பழுதாக இருந்தவை கொஞ்சம்தான். மாட்ட மறந்த ஒயர், பாதி மட்டும் உட்கார்ந்த பிளக், இருக்கக் கூடாத இடத்தில் இருந்த திருகு, பெரும்பாலும் இவைதான். அதனால் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு தாய் மாதாமாதம் கட்டிய பணம் அதில் இருக்கிறது.

பையனிடம் சுவரிலிருந்து தொடங்கச் சொன்னேன். அதே பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார், கரண்ட் வருகிறதா? வந்தது. பவர் கார்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா, கைவைத்து அழுத்து. அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்; கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். இந்த ஒரு சுவிட்சுக்காகவே பேருந்து ஏறிப் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் உண்டு. பையனுடையது ஆனில்தான் இருந்தது.

அடுத்து என்ன கேட்டேன் என்று சொல்வதற்கு முன், அந்தப் பட்டனை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பழைய கணினிகளில் முன்பக்க சுவிட்ச் வீட்டுக் கரண்டையே நேராக வெட்டிச் சேர்க்கும். 1995-ல் இன்டெல் நிறுவனம் போர்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் மூன்றுக்கும் ஏடிஎக்ஸ் என்ற பொது அமைப்பைக் கொண்டுவந்தபோது அது மாறியது. இன்றைய பட்டன் வீட்டுக் கரண்டைத் தொடுவதே இல்லை. போர்டுக்குச் சேதி சொல்வதோடு சரி. பின்பக்கச் சுவிட்சைப் போட்ட உடனேயே எஸ்எம்பிஎஸ் ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட்டைப் போர்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். வீடே தூங்கினாலும் திண்ணையில் ஒருவர் விழித்திருப்பது மாதிரி. நாம் பட்டனை அமுக்கியதும் போர்டு பச்சை ஒயரை எர்த்தோடு சேர்க்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுதான் உத்தரவு. உடனே 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் மூன்றும் கிளம்பும். மூன்றும் நிலைக்கு வந்ததும் சாம்பல் நிற ஒயரில் "எல்லாம் சரி" என்று பதில் போகும். அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். இவ்வளவும் ஏறக்குறைய அரை நொடிக்குள் முடிந்துவிடும். இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் ஒயர் எல்லாமே கறுப்பாக இருக்கும். நிறம்தான் போனது, வரிசை அப்படியே இருக்கிறது.

ஆகவே ஒன்றுமே அசையவில்லை என்றால், இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி விட்டிருக்கிறது என்று அர்த்தம். "போர்டில் எங்காவது சின்ன விளக்கு எரியுதாப்பா?" என்றேன். ஒரு மூலையில் எரிகிறது என்றான். அப்படியானால் சுவரிலிருந்து போர்டு வரை அந்த 5 வோல்ட் வந்துவிட்டது. எல்லாப் போர்டிலும் இந்த விளக்கு கிடையாது. இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

அடுத்த கண்ணி பட்டனுடைய ஒயர். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஒயர்கள் சில வரும். நுனியில் சின்னச் சின்னப் பிளக்குகள்; பவர் சுவிட்ச், ரீசெட், விளக்குகள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அவை போய்ச் சேரும் இடம் போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் ஊசிகள்; பெரும்பாலான போர்டுகளில் 9 இருக்கும். ஓர் ஊசி தள்ளி மாட்டினாலும் பட்டன் ஊமைதான். போர்டோடு வரும் புத்தகத்தில் படம் இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். விளக்குக்குத்தான் பிளஸ் மைனஸ் உண்டு, பவர் சுவிட்சுக்கு இல்லை. எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். பட்டனையே சந்தேகப்பட்டால் ரீசெட் பட்டனின் பிளக்கை பவர் ஊசிகளில் மாட்டி, அதை அமுக்கிப் பாருங்கள்.

பையனை எல்லாப் பிளக்கையும் கழற்றச் சொல்லி, பவர் சுவிட்சுக்கு உரிய அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடச் சொன்னேன். பட்டன் செய்கிற வேலையும் இதுதான், ஷாக் அடிக்காது. ஆனால் சரியான இரண்டு ஊசிகளாக இருக்க வேண்டும். தொட்டான். "அண்ணே! ஃபேன் லேசா அசைஞ்சு நின்னுடுச்சு!" மறுபடி தொட்டால் அந்த அசைவுகூட இல்லை.

எனக்கு அது போதும். ஊசிகளைத் தொட்டதும் அசைந்ததால், பட்டன் ஒயரைத் தவறாக மாட்டியிருந்தது ஒரு குறை. அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. விசிறி ஒரு கணம் அசைந்து நின்றால், எஸ்எம்பிஎஸ் எழுந்து, எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அப்படி நின்றதைப் பெரும்பாலும் பவர் கார்டை உருவிச் சிறிது நேரம் விட்டால்தான் மறுபடி எழுப்ப முடியும். "இனி தொடாதே, கார்டைக் கழற்றி வை, காலையில் கடைக்குக் கொண்டு வா" என்றேன்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் மகனும் வந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது, தேவையில்லாததை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதுதான். போர்டு முழுவதையும் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தேன். பளபளக்கும் உறை ஒன்றும் கூட வரும். அதன் மேல் வைத்து ஓடவிடாதீர்கள், அதன் வெளிப்பக்கம் கரண்டைக் கடத்தக்கூடும். பிராசஸர், அதன் மேல் அதைக் குளிர்விக்கும் கூலர், ஒரே ஒரு ரேம், இவ்வளவு மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கினேன். 24 ஊசிப் பிளக்கைக் கொக்கி 'டக்'கென்று விழும் வரை அழுத்தினேன். போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் கொடுக்கும் 8 ஊசிப் பிளக், அதையும் மாட்டினேன். வீட்டில் பூட்டுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். கிராபிக்ஸ் கார்டுக்கான (திரையில் படம் காட்டும் தனிக் கார்டு) 8 ஊசிப் பிளக்கும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், ஆனால் அது வேறு. போக மறுக்கும் பிளக்கைப் பலம் போட்டு நுழைக்காதீர்கள்.

ஸ்குரூ டிரைவரால் தொட்டேன். கூலர் விசிறி சுழன்றது, நிற்கவில்லை. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம் காலியான கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். போர்டு இரும்புத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்துவதற்கு ஸ்டாண்ட்ஆஃப் என்று சிறு பித்தளைக் கால்கள் உண்டு. அந்தக் கேபினெட்டில் பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்கு, அதாவது 305-க்கு 244 மில்லிமீட்டர் அளவுக்கு, கால்களை முன்கூட்டியே முடுக்கி அனுப்பியிருந்தார்கள். பையன் வாங்கியது 244-க்கு 244 அளவுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ். அவன் போர்டில் துளையே இல்லாத இடத்தில் ஒரு கால் நின்று, அடிப்பக்க ஈயப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு காலைக் கழற்றினேன். போர்டின் அடியில் கீறல் மாதிரி ஒரு தடம், அவ்வளவுதான் சேதம். எஸ்எம்பிஎஸ் நேற்றிரவு நின்றுபோனதுதான் போர்டைக் காப்பாற்றியது. பூட்டும் முன் போர்டின் துளைகளையும் கேபினெட்டின் கால்களையும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். 2 நிமிட வேலை.

இன்னும் சில விஷயங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கும் மேலாகக் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பவர் கார்டை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று இருந்தால் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்றுதான் அநேகமாக அர்த்தம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒயர்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ் என்றால், பழையதின் ஒயரைப் புதியதில் மாட்டவே கூடாது. போர்டுப் பக்கம்தான் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே வரிசை; எஸ்எம்பிஎஸ் பக்கம் ஆளுக்கொரு வரிசை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் செத்துப்போய், அதிலிருந்த கல்யாணப் படங்களைக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விசிறியெல்லாம் சுழல்கிறது, திரையில்தான் ஒன்றும் இல்லை என்றால் அது வேறு கதை. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் ஒயரை அதில்தான் மாட்ட வேண்டும், போர்டில் அல்ல. ரேமுக்கு நான்கு இடம் உள்ள போர்டில் ரேம் இரண்டு என்றால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது இடங்களில் போடுங்கள். டிடிஆர்5 என்ற புது வகை ரேம் முதல் தடவை தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடம் எடுக்கும்; கறுப்புத் திரையைப் பார்த்து அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் எழும்பவில்லை என்றால், பாகம் உண்மையிலேயே பழுதாக வந்திருக்கலாம். அதற்குத்தான் வாரண்டி. இப்போது வரும் பல போர்டுகளில், முதன்முறை பிராசஸரை மாட்டும்போது அது உட்காரும் இடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூடி கழன்று வரும். அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்த மூடி இல்லாமல் போர்டைத் திருப்பி வாங்க மறுப்பதுண்டு. பில்லோடு சேர்த்து அதே அட்டைப் பெட்டியில் போட்டுப் பீரோவுக்கு மேலே வையுங்கள்.

நன்றி, வணக்கம்.