பிடித்தவர் ஒருவர், பெயர் வாங்குபவர் ஒருவர்

(பட்டிமன்றத் தலைப்பு: பேஸ்பாலில் கையிலிருக்கும் முன்னிலையைக் காப்பது குளோசரா, வெளிக்களமா? ‘வெளிக்களமே’ என்ற அணியின் உரை. குளோசர்: முன்னிலையைக் காக்கக் கடைசியில் வந்து பந்து வீசுபவர். வெளிக்களம்: களத்தின் பின்பகுதியில் நிற்கும் லெஃப்ட், சென்டர், ரைட் ஃபீல்டர் மூவர்.)

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், நியூயார்க் யாங்கீஸ் அணியின் குளோசர் மரியானோ ரிவேராவைக் கொண்டுவந்து மேடை நடுவில் நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். 652 சேவ், அதாவது முன்னிலையைக் காத்ததாக ஏட்டில் எழுதும் கணக்கு. பருவம் முடிந்தபின் நடக்கும் பிளே-ஆஃபில் 0.70 ஈ.ஆர்.ஏ.; ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கணக்கில் ஏறிய ரன் அது, குறைந்தால் நல்லது. பேஸ்பால் சாதனையாளர் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு வாக்குகூடக் குறையாமல் தேர்வான முதல் ஆள். எல்லாம் உண்மை, நான் மறுக்க வரவில்லை. ஆனால் ரிவேராவைக் காட்டி எல்லாக் குளோசருக்கும் மாலை போடுவது, தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை கலெக்டர் ஆனதும் தெருக்காரர்கள் அத்தனை பேரும் சைரன் வைத்த கார் கேட்பது மாதிரி.

முதலில் இந்த ‘சேவ்’ எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1969இல்தான் அது அதிகாரபூர்வக் கணக்கானது. ஜெயித்த அணியின் கடைசி பிட்சராக, அதாவது கடைசியாகப் பந்து வீசியவராக இருக்க வேண்டும்; வெற்றி பிட்சர் என்ற கணக்கு வேறொருவர் பெயரில் இருக்க வேண்டும். மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையோடு வந்து ஒரு இன்னிங்ஸ், அதாவது மூன்று அவுட், வீசி முடித்தால் போதும். வேறு வழிகளும் உண்டு, ஆனால் பெரும்பாலான சேவ் இந்த வழியில் வருபவைதான். அதாவது மூன்று ரன் முன்னிலையில் வந்து, இரண்டு ரன் கொடுத்து, மூன்று பேஸிலும் (வரிசையாகத் தொட்டு ‘வீட்டுக்கு’த் திரும்பினால்தான் ரன்) ஆள் ஏற்றி, எல்லாருக்கும் ரத்தக்கொதிப்பை ஏற்றிவிட்டு முடித்தாலும் ஏட்டில் விழுவது முழு சேவ்.

மிகையாகச் சொல்கிறேன் என்பவர்களுக்கு 2018 அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் நான்காவது ஆட்டம். ஹியூஸ்டனில் பாஸ்டன் 8-5 என்று முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸிலேயே பாஸ்டனின் குளோசர் கிரெய்க் கிம்ப்ரெல் வருகிறார். ஹியூஸ்டனின் முதல் ஆள் டோனி கெம்ப் வலது ஓரமாக அடித்துவிட்டு இரண்டாவது பேஸுக்கு ஓடுகிறார். ரைட் ஃபீல்டில் முக்கி பெட்ஸ் பந்தை எடுத்து எறிந்து அவரை அங்கேயே அவுட் ஆக்குகிறார். அதன் பிறகும் ஒரு ரன் போகிறது. 8-6. ஒன்பதாவது இன்னிங்ஸில் கிம்ப்ரெல் மூன்று பேருக்கு வாக் (நான்கு தவறான பந்து வீசி இலவசமாக முதல் பேஸ்) கொடுக்கிறார். இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். அலெக்ஸ் பிரெக்மன் முதல் பந்திலேயே லெஃப்ட் ஃபீல்டு நோக்கித் தாழ்வாக அடிக்கிறார். ஆண்ட்ரூ பெனின்டென்டி முன்னால் ஓடிவந்து, உடம்பைத் தரையில் எறிந்து, புல்லுக்குச் சற்று மேலே பிடிக்கிறார். அந்தப் பந்து அவரைத் தாண்டிப் போயிருந்தால் மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருப்பார்கள், பாஸ்டன் தோற்று ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏட்டில் என்ன எழுதினார்கள்? சேவ்: கிம்ப்ரெல். அந்த ஆண்டு பிளே-ஆஃப் முழுக்க அவருக்கு ஆறு வாய்ப்பில் ஆறு சேவ், ஈ.ஆர்.ஏ. 5.91. நூற்றுக்கு நூறு மதிப்பெண், விடைத்தாள் முழுக்கச் சிவப்பு மை! கல்யாணச் சமையல் முழுக்க ஒருவர் செய்ய, கடைசியில் பாயச வாளியோடு வந்தவர் மொய்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கதை இது. இன்னொன்றும் கவனியுங்கள். அதே பாஸ்டன், இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற கடைசி ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸை வீசியது கிம்ப்ரெல் அல்ல, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சரான ஸ்டார்ட்டர் கிறிஸ் சேல்.

இப்போது கொஞ்சம் கூட்டல் கழித்தல். ஒரு பருவத்தில் 162 ஆட்டம், ஆட்டத்துக்கு 27 அவுட் என்று வைத்தால் 4,374 அவுட். நல்ல குளோசர் வீசுவது சுமார் 65 இன்னிங்ஸ். அதாவது 195 அவுட். நூற்றில் நாலரை. சென்டர் ஃபீல்டர் 1,300 இன்னிங்ஸுக்குக் குறையாமல் நிற்கிறார்.

“எண்ணிக்கை கிடக்கட்டும், முக்கியமான நேரம் எங்களுடையது” என்று எதிரணி சொல்லும். சரி. இடையில் வந்து வீசும் சாதாரண ரிலீவர் ஈ.ஆர்.ஏ. 4 என்றால் இன்னிங்ஸுக்கு 0.44 ரன். குளோசர் 2.50 என்றால் 0.28. வித்தியாசம் 0.16, அதை 65ஆல் பெருக்கினால் பத்து ரன் சொச்சம். நெருக்கடி நேரம் என்பதால் இரட்டிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள், நான் கஞ்சத்தனம் செய்யவில்லை: இருபது ரன். இப்போது வெளிக்களம். தரையில் விழ வேண்டிய ஒரு பந்தைப் பிடித்தால் மட்டை பிடிக்கும் அணி ஒரு ஹிட்டை (அடித்து பேஸ் ஏறுவதை) இழக்கிறது, நமக்கு ஒரு அவுட் வருகிறது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.9 ரன். முதல் தரமான சென்டர் ஃபீல்டர் சராசரியை விட 15 பந்து கூடுதலாகப் பிடிக்கிறார், மோசமானவர் 10 பந்து குறைவாகப் பிடிக்கிறார் என்றால் இடைவெளி 25 பந்து, 22 ரன். குளோசருக்கு நான் அள்ளிக் கொடுத்த பிறகும் ஒரே ஒரு வெளிக்களக்காரர் அவரைத் தாண்டிவிட்டார். இன்னும் இரண்டு பேர் களத்தில் நிற்கிறார்கள், நடுவர் அவர்களே.

எட்டு இன்னிங்ஸ் முடியும்போது முன்னிலையில் இருக்கும் அணி நூற்றுக்குச் சுமார் 95 ஆட்டத்தில் ஜெயிக்கிறது. குளோசர் டென்னிஸ் எக்கர்ஸ்லியை வைத்து மேலாளர் டோனி லா ரூசா 1980களின் கடைசியில் ஒற்றை இன்னிங்ஸ் குளோசர் வழக்கத்தை ஊன்றுவதற்கு முன்பும் ஏறத்தாழ இதே கணக்குதான். அப்படியானால் நாற்பது ஆண்டாக இவர்கள் காத்தது எதை?

எதிரணி நண்பர் வெளிக்களத்தைப் பற்றி ஒரு வரி சொன்னார்: “உயரமாக வருகிற பந்தைப் பிடிப்பதில் என்ன வித்தை?” அதற்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும்.

பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் சராசரி ஓட்ட வேகம் வினாடிக்கு 27 அடி. பந்து மட்டையில் பட்டதும் 0.3 வினாடி தயங்கினால் எட்டு அடி போயிற்று. கையை நீட்டி, கையுறையை நீட்டி, தரையில் பாய்ந்தாலும் அந்த எட்டு அடியை மீட்பது பெரும்பாடு. அதனால்தான் மேஜர் லீக்கின் அளவீட்டு முறையான ஸ்டாட்காஸ்ட் வெளிக்களக்காரரின் முதல் மூன்று வினாடியைத் தனியே அளக்கிறது: முதல் ஒன்றரை வினாடியில் எவ்வளவு நகர்ந்தார், அடுத்த ஒன்றரையில் எவ்வளவு, போன வழி நேரானதா சுற்றுவழியா. வேகமான கால் இருந்தும் தப்பான பக்கம் முதல் அடி வைக்கிறவர் நடுத்தர வேகக்காரரிடம் தோற்றுப்போவது இங்கேதான்.

எல்லாவற்றிலும் கடினமானது பக்கவாட்டில் வரும் பந்து அல்ல. நேராக முகத்துக்கு வரும் தாழ்வான லைன் டிரைவ். பக்கவாட்டுக் கோணம் இல்லாததால் அது முன்னால் விழுமா, தலைக்கு மேல் போகுமா என்று கண்ணுக்குப் பிடிபடாது. முன்னால் ஒரு அடி வைத்துவிட்டால் கதை முடிந்தது. பந்து பின்னால் சுவரில் போய் மோதும், ஒரு பேஸ் சிங்கிள் மூன்று பேஸ் டிரிபிள் ஆகும். அதனால் சந்தேகம் வந்தால் முதல் அடி பின்னால் என்று பழக்குகிறார்கள். வலக்கை பேட்டர் ரைட் ஃபீல்டு பக்கம் அடிக்கும் பந்து ஓரக்கோட்டை நோக்கி வளைந்து விலகும். பந்து இப்போது இருக்கும் இடத்துக்கு ஓடுகிறவருக்கு அது கிடைக்காது. சுவருக்கு முன்னால் சுமார் 15 அடி அகலத்துக்குப் புல் இல்லாத பட்டை போட்டிருப்பது அழகுக்கு அல்ல. மேலே பார்த்தபடி ஓடுகிறவருக்குக் காலடிச் சத்தம் மாறினால், சுவருக்கு இன்னும் இரண்டு மூன்று எட்டுதான் என்று தெரிய வேண்டும்.

எறிவதும் அப்படியே. பந்தை வாங்கி மாற்றி எறிய நடுவில் நிற்கும் கட்ஆஃப் ஆளின் தலை உயரத்துக்கு வர வேண்டும். ஆசைப்பட்டு அவர் தலைக்கு மேலே வீட்டுக்கே எறிந்தால், ஓடிவந்த ரன்னும் போகும், பந்தை அடித்தவர் சும்மா இரண்டாவது பேஸுக்கும் போய்விடுவார், அடுத்து கிடைத்திருக்கக்கூடிய டபுள் பிளேயும் (ஒரே பந்தில் இரண்டு அவுட்) போகும். இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் பெயரில் பிழையாக ஏறாது. பிட்சர் தலையில்தான் விடியும்.

இனி பேட்டிங் வரிசை. எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் “நல்ல வரிசை போட்டு ரன் குவி, பிறகு குளோசரிடம் கொடு, தடுப்பு எதற்கு?” என்றார். வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால் ஒரு பேட்டர் இழப்பது எவ்வளவு தெரியுமா? ஆட்டம் ஒன்பது இடங்களில் ஏதோ ஒன்றில் முடிகிறது; அவருக்குச் சற்று முந்தைய இடத்தில் முடிந்தால்தான் ஒரு வாய்ப்பு போகும். 162ஐ ஒன்பதால் வகுத்தால் 18. ஆண்டுக்குப் பதினெட்டு வாய்ப்பு! யார் இரண்டாவது, யார் நான்காவது என்று ஊரே அடித்துக்கொள்வது இந்தப் பதினெட்டுக்காகத்தான். வரிசை அட்டையில் நிஜமாகவே விலை வைத்திருக்கும் பகுதி, பெயருக்குப் பக்கத்தில் எழுதும் களத்தின் இடம்.

2024இல் யாங்கீஸ் ஹுவான் சோட்டோவை வாங்கி ரைட் ஃபீல்டில் நிறுத்தியது. நல்ல மட்டை, 41 ஹோம் ரன் (பேஸ்பால் சிக்ஸர்), குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இயல்பில் ரைட் ஃபீல்டரான ஆரன் ஜட்ஜ் சென்டருக்கு நகர்ந்தார். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 30. டாட்ஜர்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 5-0. யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல் நான்கு இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. நான்காவதில் ஜட்ஜே சுவரோரம் எம்பி ஃப்ரெடி ஃப்ரீமன் பந்தைப் பிடித்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதில் டாமி எட்மன் அடித்த பந்து நேராக ஜட்ஜிடம் வருகிறது. முதல் பேஸில் ஆள். கண் ஒரு கணம் ஓடுகிறவர் பக்கம் போனதுபோலத் தெரிந்தது; பந்து கையுறையில் பட்டு விழுந்தது. அடுத்து உள்களத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆன்டனி வோல்பியின் தப்பான எறி. அடுத்து கோல் முதல் பேஸை மூட ஓடவில்லை. ஐந்து ரன், ஒன்றுகூட பிட்சர் கணக்கில் ஏறாத ரன். 5-5. கடைசியில் டாட்ஜர்ஸ் 7-6 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. வோல்பியையும் கோலையும் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். மடக்கட்டும், அவர்களும் குளோசர் இல்லையே! அன்று ஒன்பதாவது இன்னிங்ஸை வீசி முடித்த டாட்ஜர்ஸின் வாக்கர் ப்யூலரும் ஸ்டார்ட்டர்தான்.

குளோசரின் இன்னொரு வியாதி, ‘என் நேரம் வரவில்லை’ என்று உட்கார்ந்திருப்பது. 2016இல் பால்டிமோரின் குளோசர் ஸாக் பிரிட்டன் 47 வாய்ப்பில் 47 சேவ், ஈ.ஆர்.ஏ. 0.54. டொராண்டோவில் ஒற்றை ஆட்டப் பிளே-ஆஃப், 2-2 என்று 11ஆவது இன்னிங்ஸ் வரை போனது. முன்னிலை கிடைத்தால் சேவுக்கு அழைக்கலாம் என்று அவரை வைத்தே இருந்தார்கள். பால்டிமோரின் உபால்டோ ஹிமெனெஸ் வீச, டொராண்டோவின் எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து பால்டிமோரை ஊருக்கு அனுப்பினார். பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை. இதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை, அந்தப் பதவியின் குற்றம். வெளிக்களக்காரர் எவரும் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரட்டும் என்று பெஞ்சில் காத்திருப்பதில்லை.

நிலைத்தன்மையும் இல்லை. குளோசர் பிராட் லிட்ஜ் 2008இல் பிளே-ஆஃபும் சேர்த்து 48க்கு 48. மறு ஆண்டு 11 சேவ் கோட்டைவிட்டார், ஈ.ஆர்.ஏ. 7.21. ஓடும் கால் ஒரே ஆண்டில் இப்படிக் கவிழாது.

மணி அடிக்கிறார்கள். ஒரே ஒரு காட்சி சொல்லி முடித்துவிடுகிறேன், நடுவர் அவர்களே. 2025 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம், டொராண்டோ. ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 3-1. டாட்ஜர்ஸ் பிட்சர் ரோகி சசாகி டொராண்டோவின் முதல் ஆளைப் பந்தால் அடித்து பேஸில் ஏற்றிவிட்டார். அடுத்து அடிசன் பார்கர் அடித்த பந்து வெளிச்சுவரின் அடியில், மெத்தைக்கும் தரைக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டது. சென்டரில் நின்ற ஜஸ்டின் டீன் அதைப் பிடுங்கவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினார். பிடுங்கியிருந்தால் ஆட்டம் தொடரும், ரன் ஓடிவிடும். கையைத் தூக்கியதால் அம்பயர் வந்து பார்த்து, இரண்டு பேஸ் மட்டும் என்று நிறுத்தினார். மூன்றிலும் இரண்டிலும் ஆள். இப்போது டாட்ஜர்ஸுக்காக வீச வந்தவர் டைலர் கிளாஸ்னோ, இவரும் ஸ்டார்ட்டர். முதல் பந்திலேயே எர்னி கிளெமென்ட் உயரே அடித்து அவுட். ஆண்ட்ரெஸ் ஹிமெனெஸ் லெஃப்ட் ஃபீல்டுக்கு முன்னால் விழும்படி அடிக்கிறார். முன்னேறி நின்றிருந்த கீக்கே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து, ஓட்டம் நிற்காமலே இரண்டாவது பேஸுக்கு எறிகிறார். பந்து தரையில் ஒரு குத்துக் குத்தி வருகிறது. மிகுவேல் ரோஹாஸ் அதை அள்ளுகிறார். பந்து பிடிபட்டதால் பேஸுக்குத் திரும்ப வேண்டிய பார்கர் திரும்பவில்லை, அவரும் அவுட். ஆட்டம் முடிந்தது.

கிளாஸ்னோ வீசியது மூன்று பந்து, கிடைத்தது ஒரு சேவ். ஆனால் ஸ்கோர் அட்டையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, இரண்டாவது பேஸ்மேன் 4, லெஃப்ட் ஃபீல்டர் 7. அந்த டபுள் பிளேயை எப்படிக் குறித்தார்கள் என்று எதிரணி நண்பர்கள் எடுத்துப் பார்க்கட்டும். 7-4 என்று இருக்கும். 1 இருக்காது. நன்றி, வணக்கம்.