கத்தரிக்காய் வடதுருவம் போன கதை

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பி அவர்களே, முன்வரிசையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே! கவுன்சிலர் அவர்கள் காட்பாடி கேட் தாண்டிவிட்டாராம். வந்ததும் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். இந்த விளையாட்டு என்ன என்பது ஒன்று. அதில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பது இரண்டு. பெற்றோர் செல்போனைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது என்பது மூன்று.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டும் பென்சிலும் போட்டு ஓரிடத்தில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார்கள். ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு வேறு யாரோ தேடிப் போய் எடுத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்க வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. உடனே ஒரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளி ஒன்றை ஒளித்துவைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். இதில் பயணம் போகும் பொம்மைகளும் உண்டு. எண் பொறித்த தகடு ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினால், எடுத்தவர் அடுத்த டப்பாவில் கொண்டுபோய் விட்டுவிட்டு அந்த எண்ணைப் பதிவார். பொம்மை எங்கே இருக்கிறது என்று இங்கிருந்தே பார்க்கலாம்.

இந்த ஆட்டத்துக்கு அதிகாரபூர்வச் சின்னம் சிக்னல் என்றொரு தவளை. நம் பிள்ளைகளுக்குத் தவளை பிடிக்கவில்லை. ஊதாத் துணியில் ஒரு கத்தரிக்காய் தைத்தார்கள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா, அந்தப் பெருமை! காம்பில் முள்ளுக்குப் பதில் பச்சை நூல். பெயர் கத்தரி மாமா.

இனிமேல்தான் கதை. அன்று கம்ப்யூட்டர் அறையில் டீச்சர் சொன்னாராம்: "மாமா கிளம்புகிற இடத்தை முதலில் வரைபடத்தில் வையுங்கள், நம் வேலூர்க் கோட்டையையே வையுங்கள்." கோட்டை 12 டிகிரி 55 நிமிடம் வடக்கு, ஏறக்குறைய 79 டிகிரி 8 நிமிடம் கிழக்கு. ஒரு பையன், பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் நெளிந்துகொண்டிருக்கிறான், அவசரத்தில் இரண்டையும் மாற்றி அடித்துவிட்டான். திரை முழுக்க வெள்ளை. தெரு இல்லை, பெயர் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. "டீச்சர், கோட்டையைக் காணோம்!" என்று கத்தியிருக்கிறான். பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். ஒருத்தி, "அய்யோ, மாமாவுக்குக் குளிருமே" என்று அழுதேவிட்டாள். அழுகையை நிறுத்த டீச்சர் படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறார். வடதுருவத்துக்குப் பக்கம், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம்! கோட்டையின் எண்களைத் திருப்பிப் போட்டால் பனிமலையில் போய் விழுகிறது. வேடிக்கை அதோடு முடியவில்லை. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஹிமாத்ரி இருக்கிறது. 2008 முதல் நம் இந்திய விஞ்ஞானிகள் வந்துபோகிற ஆய்வு நிலையம். அழுத பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ஸ்வெட்டர் கேட்டு வாங்கிக்கலாம்" என்றாளாம். நான் 31 வருடம் புவியியல் நடத்தினேன். அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிப் புரியவைக்க எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

வாங்க, வாங்க. கவுன்சிலர் அவர்களே, வணக்கம். அந்த நாற்காலியை இப்படிப் போடுங்கப்பா. சரி.

நிஜப் பயணத்துக்கு வருகிறேன். டீச்சரின் தம்பி சிங்கப்பூர் கொண்டுபோனார். அங்கே தண்ணீர் துப்பும் மெர்லயன் சிலை, சிங்கத் தலையும் மீன் உடலுமாக 8.6 மீட்டர் உயரம், 1972-இல் வைத்தது. அப்புறம் சில மாதம் தகவலே இல்லை. யாரோ பையில் போட்டு மறந்துவிட்டார் போலிருக்கிறது. திடீரென்று பாரிஸிலிருந்து ஒரு படம். 1889-இல் கட்டிய ஈஃபிள் கோபுரம், இன்று 330 மீட்டர், அதன் முன்னால் நம் மாமா. கோடை வெயிலில் இரும்பு விரிந்து அந்தக் கோபுரம் 15 சென்டிமீட்டர் வரை வளரும் என்று படித்ததும் ஒரு பையன் கேட்டான்: "சார், வேலூர் வெயில்ல நிக்க வெச்சிருந்தா?" அறிவியல் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் கேட்டு மகிழ்ந்துவிட்டு, "முத்து மண்டபத்தில் யார் இருக்கிறார்?" என்று கேட்டேன். வகுப்பு கப்சிப். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்! அது இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் நினைவிடம். 1815-இல் வெள்ளையர் பிடித்தார்கள், நம் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள், 1832-இல் இங்கேயே கண்மூடினார். இலங்கையிலிருந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறோம். மாமாவின் அடுத்த பயணம் கண்டிக்கு என்று பிள்ளைகள் முடிவுசெய்திருக்கிறார்கள். ராஜா வந்த வழியே கத்தரிக்காய் போகட்டும்.

அந்த மண்டபம் இருப்பது எங்கே? பாலாற்றங்கரையில். தலைமையாசிரியர் சிரிக்கிறார். இவர் எங்கே தொடங்கினாலும் பாலாற்றில்தான் முடிப்பார் என்று ஊரில் எனக்குப் பெயர். இருக்கட்டும். நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில், அரசனில்லா கோட்டை என்று நம்மூரைப் பழிப்பார்கள். மீதியை மேடையில் சொல்ல முடியாது. ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்ப வந்துவிட்டார். ஆறு மட்டும் அப்படியே கிடக்கிறது. 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் 222 கிலோமீட்டர் நம்முடையது. 1892-இல் ஆற்று நீருக்காக மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட ஒப்பந்தம் ஒருபுறம், மணல் அள்ளியது ஒருபுறம். தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996-இல், மாசுபடுத்தியவர்தான் விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2021 நவம்பரில் கரைகொள்ளாமல் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. அத்தனையும் கடலுக்குப் போனது. தடுப்பணை கேட்டு ஓர் அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவுக்கு, "கோப்பு பரிசீலனையில் உள்ளது" என்று மூன்று முறை ஒரே கடிதம் வந்திருக்கிறது, தேதி மட்டும் மாறி. கையில் வெண்ணெய், நெய்க்கு லாரித் தண்ணீர்!

அதனால் கல்வி அலுவலர் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த டப்பாவைப் பிள்ளைகள் பாலாற்றங்கரையில் வைக்க அனுமதி வாங்கித் தாருங்கள். கோட்டைக்குள் கேட்கவில்லை, அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உலகத்தில் எவன் தேடி வந்தாலும் அந்த மணலில் நின்று பார்த்துவிட்டு, அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போகட்டும்.

செல்போன் விஷயம்... டீ ஆறுகிறது என்று ஜாடை காட்டுகிறார்கள். அது இன்னொரு நாள். வாசலில் தடுப்பணைக்கான கையெழுத்து நோட்டு இருக்கிறது, கவுன்சிலர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டு உதவ வேண்டும். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு முத்து மண்டபத்திலிருந்து ஆற்றுக்குள் நடக்கிறோம். வருகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள், ஆற்றில் கிடைக்காது.