முதலில் மாணிக்கம், அப்புறம் பாட்ஷா

நேயர்களுக்கு வணக்கம்.

பம்பாய் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் ரஜினி படத்துக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றவர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. ‘பாட்ஷா’வை நடந்தது நடந்தபடி சொல்லச் சொன்னால் எங்கே ஆரம்பிப்பீர்கள்?

நம்ம பம்பாயில்தான். நண்பன் கொலையாகிறான், மாணிக்கம் தாதாவாகிறான், பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறான். இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள், ஆட்டோ ஓட்டுகிற பகுதி முழுக்கத் தொய்ந்துவிடும். 1995-இல் வந்த படம் இதைப் புரட்டிப் போட்டது. ஆட்டோக்காரரை முதலில் காட்டி, பம்பாயைப் பின்னால் வைத்துக்கொண்டது.

தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் சீட்டு கேட்டுப் போகும் காட்சி நினைவிருக்கும். தங்கையை வெளியே அனுப்பிவிட்டு, தனக்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்கிறார் மாணிக்கம். அதற்குமேல் அவர் சொல்வது நம் காதில் விழாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதுவரை மிதப்பாக உட்கார்ந்திருந்தவர் வெலவெலத்து எழுந்து நிற்பது மட்டும் தெரிகிறது. தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. நமக்குப் பாதி புரிகிறது. அந்தப் பாதிதான் தியேட்டரையே விசிலடிக்க வைக்கிறது. மீதி எப்போது வரும் என்று காத்திருக்கிறோம்.

நடந்த சம்பவங்கள் கதை. எதை முன்னால் சொல்வது, எதைப் பிடித்துவைப்பது என்ற கணக்குத்தான் திரைக்கதை.

இன்னொரு படம், 1954-இல் ஏவிஎம் தயாரித்து வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டுகள் அடுக்கடுக்காக வந்த காலத்தில், ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்தார்கள். அந்தத் துணிச்சலை இன்று நினைத்தாலும் சிலிர்க்கிறது. சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943-இல் நடக்கும் கதை. சிவாஜி ஒரு ரேடியோ என்ஜினியர். படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறார். துப்பறிய வருபவரிடம் வீட்டாரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கதை சொல்லி, ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள்.

இரண்டு படத்திலும் துப்பாக்கி உண்டு, போலீஸ் உண்டு, பின்னோக்கிப் போகும் காட்சிகளும் உண்டு. ஆனாலும் ஒன்றை ஆக்‌ஷன் படம் என்கிறோம், மற்றதைத் துப்பறியும் படம் என்கிறோம். ஏன்? ‘பாட்ஷா’வில் தங்கையைவிட நமக்கு ஒரு படி கூடுதலாகத் தெரியும், அதனால் ‘எப்போ?’ என்று கேட்கிறோம். ‘அந்த நாளில்’ துப்பறிபவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும், அதனால் ‘யார்?’ என்று கேட்கிறோம். படத்தின் வகையைத் துப்பாக்கி தீர்மானிப்பதில்லை. யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சுட்டது யார் என்று சொல்லமாட்டேன். பார்க்காதவர்கள் யாரிடமும் கேட்காமல் பாருங்கள். பார்த்தவர்கள் இன்னொரு தடவை பாருங்கள், இந்த முறை சுட்டவரின் முகத்தை மட்டும் விடாமல் கவனியுங்கள். விடை தெரிந்துவிட்டதால் அது இனித் துப்பறியும் படமாக இருக்காது. அதே காட்சிகள், அதே வசனங்கள், ஆனால் நீங்கள் பார்ப்பது ஒரு சோகப் படம்.