கோர்லிட்ஸ்: பல ஊர்களாக நடித்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெஸ் ஆண்டர்சன் இயக்கி 2014இல் வந்தது. பெயரில் புடாபெஸ்ட் இருந்தாலும் படப்பிடிப்பு நடந்தது ஜெர்மனியில். சாக்சனி மாநிலத்தின் கிழக்குக் கோடியில், போலந்து எல்லையை ஒட்டி கோர்லிட்ஸ் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 56,000. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளைப் பார்த்துவிட்டது. ஊர்க்காரர்களே அதைச் செல்லமாக 'கோர்லிவுட்' என்கிறார்கள்.

நான் சினிமாவில் கலைத் துறையில் இருப்பவன். லொகேஷன் பார்க்கப் போவது என் வேலையில் ஒரு பகுதி. படக்குழுக்கள் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்ப ஏன் போகின்றன என்று யாராவது கேட்டால் நான் கோர்லிட்ஸைத்தான் சொல்வேன்.

அந்த ஊர் போட்ட வேடங்களைப் பாருங்கள். ஜாக்கி சான் நடித்து 2004இல் வந்த, எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதையில், அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ். கேட் வின்ஸ்லெட்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'தி ரீடர்' படத்தில் போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி. இயக்குநர் டாரன்டினோவின் 'இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' படத்துக்குள் ஒரு நாஜிப் பிரசாரப் படம் ஓடுமே, அதில் வரும் சதுக்கம் இந்த ஊரின் உண்டர்மார்க்ட் என்ற பழைய சந்தைத் திடல்தான். கதை எந்த ஊரில் நடந்தாலும் அந்தத் திடல் ஈடுகொடுக்கிறது. சுற்றிலும் கோதிக், மறுமலர்ச்சிக்காலம், பரோக் என்று வெவ்வேறு நூற்றாண்டுக் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் காலம் மாறிவிடும்.

சரி, இத்தனை பழைய கட்டடங்கள் எப்படித் தப்பின? இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் பெரிய நகரங்கள் குண்டுவீச்சில் தரைமட்டமாயின. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும், சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனின் மையப்பகுதியே அழிந்தது. கோர்லிட்ஸ் ஏறக்குறைய முழுசாக நின்றது. 1945 மே மாதம், போர் முடியும் தறுவாயில், பின்வாங்கிய ஜெர்மன் படை நைஸ்ஸே ஆற்றின் பாலங்களைத் தகர்த்தது. போருக்குப் பிறகு ஆறே எல்லையானது. அக்கரையில் இருந்த ஊர்ப்பகுதி போலந்துக்குப் போய் இன்று ஸ்கொஜெலெட்ஸ் என்ற தனி ஊராக இருக்கிறது.

போருக்குத் தப்பிய ஊருக்கு அடுத்த ஆபத்து அமைதிக் காலத்தில் வந்தது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது கோர்லிட்ஸ் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் வந்தது. அந்த அரசுக்குப் புதிய அடுக்குமாடிகள் கட்டுவதில் இருந்த அக்கறை பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதில் இல்லை. கூரைகள் ஒழுகின, சுவர்கள் உதிர்ந்தன. 1980களின் கடைசியில் பழைய நகரத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டம் இருந்தது, வெடிமருந்து வைக்கச் சுவரில் துளைகூடப் போட்டாகிவிட்டது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1989இல் பெர்லின் சுவர் விழுந்தது, அந்த அரசும் சரிந்தது. வீடுகள் தப்பின.

அதற்குப் பிறகு நடந்தது கதை மாதிரி இருக்கும், ஆனால் உண்மை. 1995 முதல் வருடந்தோறும் யாரோ ஒருவர் இந்த ஊருக்குப் பத்து லட்சம் மார்க் அனுப்பினார். யூரோ வந்ததும் அது 5,11,500 யூரோ ஆனது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க மட்டுமே அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டும். இன்னொரு நிபந்தனை, கொடுப்பவர் யாரென்று தேடக் கூடாது; பெயர் வெளியே வந்தால் பணம் நின்றுவிடும். ஊர் அந்த வாக்கைக் காப்பாற்றியது. 2016 வரை, இருபது வருடங்களுக்கு மேல் பணம் வந்தது. கூரைகள், தேவாலயங்கள், வீட்டு முகப்புகள் என்று சரிசெய்த இடங்கள் நூற்றுக்கணக்கில். இன்று ஊரில் ஏறத்தாழ 4,000 பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. அந்த ஊரின் எந்தத் தெருவைத் திரையில் பார்த்தாலும் முகம் தெரியாத அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். படத்தின் டைட்டிலில் அவர் பெயர் வராது.

இப்போது அந்த ஹோட்டலுக்கு வருவோம். படத்தில் நாம் பார்க்கும் பிரம்மாண்டமான வரவேற்புக் கூடம் உண்மையில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர். 1913இல் திறந்த கடை. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் உச்சியில் வண்ணக் கண்ணாடிக் கூரை. சுற்றிலும் தூண்கள் தாங்கும் மாடங்கள் அடுக்கடுக்காக. நடுவில் அகலமான படிக்கட்டு. கடை 2009இல் மூடியாயிற்று. 2013 தொடக்கத்தில் படக்குழு வந்தபோது அந்த வெற்றுக் கூடம் அப்படியே கிடைத்தது.

கலை இயக்குநர் ஆடம் ஸ்டாக்ஹவுசன் அங்கே செய்த வேலையை எங்கள் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு அடிக்கடி சொல்வேன். கதை 1930களிலும் 1960களிலும் நடக்கிறது. முதல் காலத்தில் ஹோட்டல் செல்வச் செழிப்போடு இருக்கிறது, இரண்டாவதில் களையிழந்து கிடக்கிறது. முப்பதுகளின் கூடத்தை முதலில் தயார் செய்துவிட்டு, அதன் உள்ளேயே அறுபதுகளின் செட்டைப் போட்டார்கள். தாழ்வான பொய்க் கூரையைப் போட்டு மேலே இருக்கும் அழகையெல்லாம் மூடினார்கள். பிந்தைய காலத்தை முதலில் படம்பிடித்து, அப்புறம் அந்த உள்செட்டைப் பிரித்தார்கள். முப்பதுகளின் கூடம் காத்திருந்தது. முப்பதுகளின் காட்சிகளுக்கு ஆண்டர்சன் அந்தக் காலத்து, கிட்டத்தட்ட சதுரமான பிரேமை வைத்தார். உயரமான கூடத்துக்கு அந்தப் பிரேம் எவ்வளவு பொருந்துகிறது என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம்.

அந்தப் படத்துக்காக சாக்சனி முழுக்க அலைந்திருக்கிறார்கள். ரோஸ் நிறப் பெட்டியில் கேக் விற்கும் கடை, டிரெஸ்டனில் சுவர் முழுக்கக் கையால் வரைந்த ஓடுகள் பதித்த ஒரு பால்கடை. கேக்கைச் செய்துகொடுத்தது கோர்லிட்ஸின் உள்ளூர் பேக்கரிக்காரப் பெண்மணி. துரத்தல் காட்சி நடக்கும் அருங்காட்சியகம் டிரெஸ்டனின் ஸ்விங்கர் அரண்மனை. ஊர்க்காரர்கள் பலரும் துணை நடிகர்களாக வந்துபோனார்கள்.

சாக்சனி என்றால் மோரிட்ஸ்புர்க் கோட்டையையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஜெர்மனியும் செக்கோஸ்லோவாக்கியாவும் சேர்ந்து 1973இல் எடுத்த சிண்ட்ரெல்லா கதை அங்கேதான் படமானது. பனி போதாமல் மீன்தூளைத் தூவிச் சமாளித்தார்களாம். அந்த நாற்றத்தில் நடிகர்கள் காதல் காட்சியில் சிரித்த முகத்தோடு நின்றிருக்கிறார்கள்! ஜெர்மன் குடும்பங்கள் இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் பார்க்கின்றன.

பணக் கணக்கும் உண்டு. 2007 முதல், ஜெர்மனிக்குள் செய்யும் படச் செலவில் ஒரு பங்கை மத்திய அரசின் நிதி திருப்பித் தருகிறது. சாக்சனியும் பக்கத்து இரண்டு மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் நிதியமைப்பு தனி. சலுகை தரும் நாடுகள் பல. பல நூற்றாண்டுகளின் கட்டடங்கள் முழுசாக நிற்கும் ஊர்கள் எத்தனை?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. படக்குழுவுக்கு அந்தக் கூடம் கிடைத்ததே கடை மூடியதால்தான். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு வேலை தேடி இளைஞர்கள் மேற்கே போனார்கள், வீடுகள் காலியாயின. கடையை வாங்கியவர் மீண்டும் திறப்பதாகச் சொல்லி வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு படப்பிடிப்பு சில மாதம் வேலை தரும். வாழ்க்கை முழுவதற்கும் தராது. ஊர் நிர்வாகத்துக்கும் அது தெரியும். அதனால்தான் 2008இலிருந்தே வெளியூர்க்காரர்களைப் பழைய நகரத்துக்குள் அழைத்து, கொஞ்ச காலம் வாடகையில்லாமல் தங்கிப் பார்க்கச் சொல்லும் திட்டங்களை நடத்துகிறார்கள். பிடித்துப்போய் அங்கேயே குடியேறியவர்களும் உண்டு.

ஜெர்மனி போகும் வாய்ப்பு கிடைத்தால் டிரெஸ்டனிலிருந்து ரயில் ஏறுங்கள். படம் எடுத்த இடங்களைச் சுற்றிக்காட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இரவு அங்கேயே தங்குங்கள், ஆற்றுப் பாலத்தில் நடந்து போலந்துப் பக்கம் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.