தீர்ந்துபோன சிவப்புப் புள்ளியும் என் பொட்டு அட்டையும்

வணக்கம் மக்களே! முதலில் இதைப் பாருங்கள். கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். பொட்டு அட்டை. நேரு வீதியில் பத்து ரூபாய்க்கு வாங்கியது. புது அட்டை, வெள்ளிக்கிழமைதான் வாங்கினேன். இப்போது இதில் நாலே நாலு பொட்டு மிச்சம். மற்றதெல்லாம் எங்கே போனது என்பதுதான் இன்றைய வீடியோ.

சனிக்கிழமை சாயந்தரம் என்னைப் பீச் ரோட்டுப் பக்கம் பார்க்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோவுக்கு வரிசை. எனக்கு ஆகாது. 'திரும்பவும் ஆரம்பிச்சிட்டாங்கப்பா' என்று கமெண்ட் போடுவீர்கள், போடுங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பக்கம் போனால்தான் பாண்டி என்று நினைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த வீடுகள் இருக்கின்றனவே, அவை என்ன பாவம் செய்தன?

அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போனேன். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி தெரியுமில்லையா, பாரதியார் நினைவில்லம் இருக்கிற வீதி. 1908இல் பாண்டிக்கு வந்தவர், 1918 வரைக்கும் இந்த ஊரில்தான் இருந்தார். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. திண்ணையில் ஒரு சிலேட்டு, அதில் சாக்பீஸால் 'படம் பார்க்கலாம், பாட்டும் உண்டு' என்று எழுதி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் விளம்பரம். உள்ளே நுழையக் காசு கிடையாது. நல்லெண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு உண்டியலாக்கி வைத்திருக்கிறார்கள், மனசுக்குத் தோன்றியதைப் போடலாம். அந்த எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

வீடு ஒரு சொல்தா குடும்பத்தினுடையது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். 1962இல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் இதுவும் ஒன்று. பேரன் பாரீசில் இருக்கிறார். ஓட்டலாக்குகிறேன் என்று எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல், ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற தன் அத்தையிடம் சாவியைக் கொடுத்துவிட்டாராம். நான் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், டீ கொண்டுவருகிற அண்ணன் உட்பட.

சரி, படங்கள். எல்லாம் லினோகட். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்த ஒரு தம்பி செய்தது. லினோலியம் தகட்டில் சின்ன உளியால் செதுக்க வேண்டும். செதுக்கின இடம் வெள்ளையாக நிற்கும், மீந்த மேட்டில் ரோலரால் மை தடவிக் காகிதத்தை வைத்து அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு மெஷின் இல்லையாம். எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தே எடுத்திருக்கிறார். ஒரு படத்துக்கு இருபது பிரதி. இருபதையும் கரண்டியால்! என் தோள் இங்கேயே வலிக்கிறது.

படங்களை மாட்டியிருந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் காரை பெயர்ந்து விழும். அதனால் மேலே தேக்கு உத்தரத்திலிருந்து தங்கூசி, அதாவது தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வைத்திக்குப்பத்தில் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கினதாம். காற்றடித்தால் படம் மெதுவாகத் திரும்பும், நாமும் கூடவே திரும்ப வேண்டியதுதான்.

இப்போது பொட்டுக்கு வருகிறேன். கண்காட்சியில் படம் விற்றால் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். ஒரே ஒரு பிரதி உள்ள ஓவியம் என்றால் ஒரு புள்ளியோடு முடிந்தது. இது அச்சுப் படம், இருபது பிரதி. ஒவ்வொரு பிரதி போகப் போக ஒவ்வொரு புள்ளி. ஆறு மணிக்கே டீச்சரம்மாவின் புள்ளித் தாள் காலி. அவர் மேசை டிராயரைக் கலைத்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றிருந்தேன், என் பையில் அட்டை இருந்தது. எடுத்து நீட்டினேன். மக்களே, அந்த நிமிஷம் எனக்கு ஏதோ விருது கொடுத்த மாதிரி இருந்தது. அளவு கச்சிதம், நிறம் கச்சிதம். தாழ்வாரம் முழுக்க என் பொட்டு! அதை மட்டும் பதினோரு வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் போட மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஒரே சிக்கல், ஐப்பசி ஈரம். சுண்ணாம்புச் சுவரில் பசை பிடிக்கவில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒன்று உதிர்ந்தது. ஒரு சின்னப் பாப்பா உதிர்ந்ததை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதனால் ஐந்தாவது பிரதி கணக்கில் விட்டுப்போய், என்னிடமும் இன்னொரு அக்காவிடமும் பணம் வாங்கிவிட்டார்கள். ஓவியமாக இருந்தால் அங்கே ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும். அச்சு என்பதால் அந்த அக்கா ஆறாவதை எடுத்துக்கொண்டார், கதை முடிந்தது. எனக்கு 5/20. பென்சிலால் கீழே எழுதியிருக்கும், இருபதில் ஐந்தாவது என்று அர்த்தம். விலை 400 ரூபாய்.

ஐயோ, பாட்டைச் சொல்லவே இல்லை! முற்றத்தில் ஏழு மணிக்குக் கச்சேரி. வயலின் ஒரு பெண், கஞ்சிரா ஒரு பையன், மைக் கிடையாது. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஏறினோம். நடுவே மழை கொட்ட, சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

ஆனால் கஞ்சிரா செத்துப்போய்விட்டது. அடித்தால் ஈரத் துணியை உதறுகிற சத்தம். எப்போதும் வாசிப்பதற்கு முன் தோலின் உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவிச் சுருதியை இறக்குவார்கள். அன்றைக்குக் காற்றே அந்த வேலையைச் செய்துவிட்டது, தோல் ஒரேயடியாகத் தொய்ந்துபோனது. பையன் பேசாமல் எழுந்துபோய், டீ அண்ணனின் அடுப்புக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் கஞ்சிராவைத் திருப்பித் திருப்பிக் காட்டினான், அப்பளம் சுடுகிற மாதிரி. அது வரைக்கும் அந்தப் பெண் தனியாக ஆனந்த பைரவி வாசித்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வந்து ஒரு தட்டுத் தட்டினான் பாருங்கள், கூட்டமே கைதட்டியது. அந்தத் தட்டை வீடியோவில் வைத்திருக்கிறேன், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுனில்) நான் எடுத்த வீடியோ மாதிரி காற்றுச் சத்தம் இருக்காது, புது மைக்.

இன்னொன்று விட்டுவிட்டேன். அது ஆட்டுத் தோல். முன்பெல்லாம் உடும்புத் தோல்தான் போர்த்துவார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் உடும்புக்குப் பாதுகாப்பு இருப்பதால் இப்போது ஆட்டுத் தோல், இல்லாவிட்டால் செயற்கைத் தோல். சுற்றுச் சட்டம் மட்டும் அதே பலாமரம்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் படத்துக்குச் சட்டம் போட ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். 850 ரூபாய்! படமே 400. இதைக் கேட்டுவிட்டு நான் கடையை விட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் கரும்புச்சாறு குடித்துவிட்டு, திரும்ப உள்ளே போய், மறுபடி கேட்டேன். அப்போதும் 850. மௌண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை, இல்லாமல் போட்டால் 450 என்றார். டீச்சரம்மா சொல்லி அனுப்பியிருந்தார், கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது, நம் கடல் காற்றுக்கு உள்ளே ஈரம் கோத்துப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்று. நடுவில் இடைவெளி விடத்தான் மௌண்ட். பின்னால் வைக்கிற அட்டையும் சாதா அட்டையாக இருக்கக் கூடாதாம், அதில் உள்ள அமிலத்தால் நாளடைவில் காகிதம் பழுப்பேறும். எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு 450க்கு எப்படிப் போடுவது? ஐம்பது குறைத்தார். 800.

படத்தை முதலில் வீட்டில் காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்க வேண்டும். கடையிலிருந்து போனில் போட்டோ அனுப்பினேன். படத்தில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. அந்தத் தம்பிக்கு அது முதல் லினோகட். எழுத்தைத் திருப்பிச் செதுக்க மறந்துவிட்டார், அதனால் 'ரொட்டிக் கடை' இடம் வலம் மாறி அச்சாகிவிட்டது. அதற்காகத்தான் நான் அதை வாங்கினேன். அம்மா உடனே போன் போட்டார்.

"ஏண்டி, எழுத்துகூட ஒழுங்கா எழுதத் தெரியல, அதான் வாத்தியார் இருபதுக்கு அஞ்சு மார்க் போட்டிருக்காரு. அதுக்கு எண்ணூறு ரூபாய்ல சட்டமா?"

வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமையும் அங்கே கச்சேரி உண்டு, பறை என்று சிலேட்டில் எழுதியிருந்தது. நான் இரண்டு அட்டை பொட்டோடு போகிறேன்.