அப்பன் வெட்டிய கிணறு: ஜான் டில்லன் என்னும் அயர்லாந்து அரசியலாளர்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல்வேறு அலுவல்களுக்கிடையே வருகை தந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் பேசி, நான் சொல்ல வைத்திருந்தவற்றில் பாதியைத் தம் இனிய தமிழில் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் பெருந்தகை அவர்களே, இப்படிப்பகத்தின் சாவிக்கொத்தைத் தம் சொந்த வீட்டுச் சாவியைவிடப் பத்திரமாகக் காத்துவரும் நூலகர் ஐயா அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் அளித்த விழாக் குழுவினருக்குத் தனியே நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். நகர்மன்றத் தலைவர் அவர்கள் அடுத்த விழாவுக்குப் புறப்பட வேண்டும் என்று அறிகிறேன். அவர் மேடையில் இருக்கும்போதே சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு விரைந்து வந்துவிடுகிறேன்.

ஜான் டில்லனைப் பற்றி நான்கு செய்திகளைக் கூற விரும்புகிறேன்: தந்தையிடமிருந்து அவர் பெற்றது, குத்தகை விவசாயிகளுக்காகச் சிறை சென்றது, அயர்லாந்தின் தன்னாட்சிக்காகப் போராடிய அவர் கட்சி, தலைவர் பார்னெலின் காலத்தில் பிளந்தபோது அவர் மேற்கொண்ட நிலை, 1916ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரை.

‘அப்பன் வெட்டிய கிணறு என்று உப்புத் தண்ணீரைக் குடிப்பார்களா?’ என்று நம் பெரியோர் கேட்பார்கள். அரசியல் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இப்பழமொழியே முதலில் நினைவுக்கு வருகிறது. டில்லனுடைய தந்தை ஜான் பிளேக் டில்லன், 1842இல் தாமஸ் டேவிஸ், சார்லஸ் கவன் டஃபி ஆகியோருடன் சேர்ந்து டப்ளினில் ‘தி நேஷன்’ என்னும் வார இதழைத் தொடங்கியவர். அவ்விதழ் சுமார் 10,000 பிரதிகளே அச்சானபோதிலும், அதன் செய்தி சென்றடைந்த மக்களின் தொகை அதைப்போல் பல மடங்கு. காரணம், அந்நாளில் ஊர்தோறும் எழுந்த வாசக சாலைகள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத உழவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். ஒரு நாட்டின் தன்னுணர்வு படிப்பகத்தின் பெஞ்சில் உருவானது என்பதை நகர்மன்றத் தலைவர் அவர்கள் அருள்கூர்ந்து மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

1848இல் அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் புரட்சி மூண்டபோது, அது உரிய நேரமன்று என்று ஜான் பிளேக் டில்லன் கருதினார். கருதியபோதும் தோழர்களைக் கைவிடாமல் களத்தில் நின்றார். முயற்சி தோற்றது. அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று, நியூயார்க்கில் வழக்கறிஞராக வாழ்ந்து, 1855இல் நாடு திரும்பினார். 1865இல் டிப்பரரித் தொகுதியின் உறுப்பினராகத் தேர்வு பெற்றவர், அடுத்த ஆண்டே காலராவுக்குப் பலியானார். அப்போது மகன் ஜானுக்கு வயது 15. அந்த மகன் மருத்துவம் பயின்றார்; ஆயினும் 1880இல் அதே டிப்பரரியின் உறுப்பினராக நாடாளுமன்றம் புகுந்தார். வாரிசு என்பதால் வந்த இடம்தான் என்று எவரேனும் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அக்கிணற்றின் தண்ணீரை அவர் எப்படிச் சோதித்துப் பார்த்தார் என்பதே என் கேள்வி.

அயர்லாந்தின் நிலங்கள் பெரும்பாலும் நிலக்கிழார்களின் கையில் இருந்த காலம் அது. அவர்களில் பலர் லண்டனிலேயே வாழ்ந்து, முகவர்கள் வழியாகக் குத்தகையை வசூலித்தார்கள். விளைபொருள் விலை வீழ்ந்தும் குத்தகை குறையவில்லை. செலுத்தத் தவறியோர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1886இல் டில்லனும் வில்லியம் ஓபிரையனும் முன்னின்று நடத்திய போராட்டத் திட்டம் எளிமையானது. ஒரு பண்ணையின் குத்தகையாளர்கள் ஒன்றுகூடி நியாயமான தொகையை முடிவு செய்வார்கள். நிலக்கிழார் அதை ஏற்க மறுத்தால், அத்தொகையைத் தங்களுக்குள் ஒரு பொது நிதியில் செலுத்துவார்கள். வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அந்நிதி சோறு போடும். கால்வே மாவட்டத்தில் கிளான்ரிக்கார்டு பிரபுவின் பண்ணையில் டில்லனே மேசை போட்டு அமர்ந்து பணம் பெற்றார். இதற்காக அவர் மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். 1888இல் ரோமாபுரியே இத்திட்டத்தைக் கண்டித்தது. பக்தி மிக்க கத்தோலிக்கரான டில்லன், சமயத்தில் போப்பாண்டவருக்குக் கட்டுப்படுவேன், அரசியலில் கட்டுப்பட இயலாது என்ற நிலையில் நின்றார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை இந்த அவையில் இருக்கும் பெரியோர் அறிவார்கள்.

பார்னெல் பிளவைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். ஆனால் விழாத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே 1916க்கு வருகிறேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. புரட்சியாளர்கள் டப்ளினின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றிக் குடியரசை அறிவித்தார்கள். டில்லனின் வீடு நார்த் கிரேட் ஜார்ஜஸ் தெருவில், அஞ்சலகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. 64 வயதான அவர் அந்த வாரம் முழுவதும் பீரங்கி முழக்கத்தைக் கேட்டபடி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார். அந்தப் புரட்சி அவருக்கு உடன்பாடானதன்று. தன்னாட்சிச் சட்டத்துக்காகத் தம் கட்சி பாடுபட்ட முப்பது ஆண்டு உழைப்பு அத்தெருவில் எரிவதாகவே அவர் எண்ணினார். இருந்தும், புரட்சியாளர் சரணடைந்த மறுநாளே, லண்டனில் இருந்த கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்டுக்கு, சிறைப்பட்டோரைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொல்லாதபடி அரசாங்கத்தைத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். டப்ளினில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மாக்ஸ்வெல் கேட்கவில்லை. மே 3 முதல் சிறை முற்றத்தில் துப்பாக்கிகள் வெடித்தன: முதல் நாள் மூவர், அடுத்த நாள் நால்வர் என்று கணக்கு ஏறிக்கொண்டே போய், மே 9க்குள் பதின்மூவர் ஆயிற்று.

மே 11ஆம் நாள் டில்லன் நாடாளுமன்றத்தில் எழுந்தார். அந்த அவையை எண்ணிப் பாருங்கள்! ஐரோப்பாவில் உலகப் போர். உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் போர்முனையில். ஜெர்மனியோடு உறவாடிய துரோகிகள் என்றே புரட்சியாளரை அவர்கள் கருதியிருந்தார்கள். அவர்கள் நடுவே நின்று, நீங்கள் சுடுவது கொலைகாரர்களை அல்ல, வழிதவறியிருந்தாலும் நேர்மையாகவும் வீரத்தோடும் போரிட்டவர்களை என்றார். அவையில் கூச்சல் எழுந்தது. அவர் அமரவில்லை. அவர்களுடைய துணிவைக் கண்டு பெருமைப்படுகிறேன் என்றார்; உங்கள் படைவீரர்களும் அவ்வளவு நன்றாகப் போரிட்டால் உங்களுக்கு நல்லது என்றார். கைகளில் ஆயுதமே இல்லாத, கொள்ளையைத் தடுக்கப் புறப்பட்ட அமைதிவாதி ஷீஹி ஸ்கெஃபிங்டனை ஓர் அதிகாரி விசாரணையின்றிச் சுட வைத்ததை அவை அறியச் செய்தார். எங்கள் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் குருதிக் கடலில் கழுவித் தள்ளுகிறீர்கள் என்றார். பிரதமர் அஸ்க்வித் டப்ளினுக்கு நேரில் செல்வதாக அறிவித்தார். ஆனால், அவர் அங்குச் சென்று சேர்வதற்குள், மறுநாள் விடியலில், புரட்சித் தலைவர்களான ஷான் மக்டெர்மட்டும், காயத்தால் நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்த்தப்பட்ட ஜேம்ஸ் கானலியும் சுடப்பட்டார்கள்.

தமக்கு உடன்பாடில்லாத 1848 புரட்சியில் தோழர்களைக் கைவிடாத தந்தை. தமக்கு உடன்பாடில்லாத 1916 புரட்சியாளருக்காக வாதாடிய மகன். அப்பன் வெட்டிய கிணறுதான். ஆனால் அது உப்புக் கரிக்கவில்லை. இத்தனைக்கும் அவ்வுரையால் டில்லனின் கட்சிக்கு ஒரு வாக்குகூடக் கூடியதாகத் தெரியவில்லை. ரெட்மண்ட் மறைந்தபின் 1918இல் தலைமையேற்ற டில்லன், அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் தம் கிழக்கு மேயோத் தொகுதியிலேயே தோற்றார். வென்றவர் 1916 புரட்சியில் போரிட்ட டி வலேரா; அவர் அப்போது ஆங்கிலேயர் சிறையில் இருந்தார். சிறை சென்றே பெயர் பெற்றவரைச் சிறையில் இருந்தவர் வென்றார். டில்லன் 1927இல் காலமானார். அவருடைய மகன் ஜேம்ஸ் டில்லன், 1942இல், இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகிப்பதை எதிர்த்து, தம் கட்சியையே விட்டு விலகினார். மூன்றாம் தலைமுறையும் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்தே குடித்தது.

இவ்வளவையும் நாம் இன்று அறிவது, அந்த மே மாதத்து உரை சொல் பிசகாமல் நாடாளுமன்றப் பதிவேட்டில் அச்சேறியதாலும், டில்லனின் தாள்களை டப்ளின் டிரினிடி கல்லூரி நூலகம் பேணி வருவதாலும்தான். அவையில் பேசுவோரை அளக்க வேண்டிய இளைஞர்கள் அப்பதிவுகளைப் படிக்க ஓர் இடம் வேண்டும். அவர்கள் வேலை முடித்து வரும் வேளையில் அது திறந்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் இந்தப் படிப்பகத்தை இரவு ஒன்பது மணிவரை திறந்து வைக்கவும், சட்டமன்ற, நாடாளுமன்ற விவாதத் தொகுதிகளுக்கென ஓர் அலமாரி ஒதுக்கவும் கோரும் மனு வாசலருகே மேசைமீது இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். நகர்மன்றத் தலைவர் அவர்கள் புறப்படுமுன் அதைத் தம் கையாலேயே பெற்றுக்கொள்ள வேண்டுமென்று அவையின் சார்பில் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.